அக்கரைகள் இரண்டு

யோவாக்கிம் பட்டினிர் தீட்டிய ‘ஸ்டிக்ஸ் ஆற்றைக் கடக்கும் காரோன்’ 64 சென்டிமீட்டர் உயரமும் 103 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மரப்பலகை ஓவியம். 1520ஆம் ஆண்டை ஒட்டி ஆன்ட்வெர்ப் நகரில் எண்ணெய் வண்ணத்தில் வரையப்பட்ட இது, இப்போது மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் நடுவே மேலிருந்து கீழாக அகன்ற ஆறு. அதன் மத்தியில் ஓர் ஓடம். ஓடத்தில் இருவர்: துடுப்புப் பிடித்து நிற்கும் தாடிக்காரன் காரோன், அவனருகே ஆடையற்ற சிறு உருவமாக ஓர் ஆன்மா. பார்ப்பவருக்கு இடப்பக்கம் சொர்க்கம். அங்கே தேவதூதர்களும் பளிங்கால் ஆன நீரூற்றும் இருக்கின்றன. வலப்பக்கம் நரகம், கல் வாயிலில் மூன்று தலை நாய் செர்பெரஸ் படுத்திருக்க, அதற்குப் பின்னால் நெருப்பு எரிகிறது.

கதையை இப்படி மூன்று வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் படத்தின் முன் நிற்பவரின் கண் முதலில் கதையில் விழுவதில்லை, தண்ணீரில்தான் விழுகிறது. பலகையின் பெரும்பகுதியை நீரும் வானும் எடுத்துக்கொள்கின்றன. கீழே பச்சை கலந்து அடர்ந்திருக்கும் ஆறு மேலே போகப் போக வெளுத்து, அடிவானத்தில் வானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மரணத்தின் ஆறு என்றால் கறுப்பாக, சேறாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்த நீலம் திகைப்பைத் தரும். ஆன்மாவோ விரற்கடை அளவுதான். முகத்தில் என்ன உணர்ச்சி என்று படிக்க முடியாத அளவுக்குச் சிறியது. ஒரு மனிதரின் நித்திய கதியைச் சொல்லும் படத்தில் அந்த மனிதருக்கு இவ்வளவு குறைந்த இடம் கொடுத்தவர் பட்டினிருக்கு முன் அதிகம் பேர் இல்லை.

பட்டினிரின் பிறப்பு குறித்து உறுதியான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. 1480ஐ ஒட்டி என்று மட்டும் கணிக்கிறார்கள். இன்றைய பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள தினானில் பிறந்தவர் என்று ஒரு சாராரும், ஆற்றின் மறுகரையில் இருக்கும் பூவினில் பிறந்தவர் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். எந்தக் கரையில் பிறந்தவர் என்று தீராத ஒருவர், எந்தக் கரை சேரும் என்று தெரியாத ஓடத்தை வரைந்தார் என்பது வெறும் தற்செயல்தான். இருந்தாலும் ஆற்றின் இரு கரைகளையும் மாறி மாறிப் பார்த்து வளர்ந்த கண் அது. தினானில் ஆற்றோரமாகச் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள் அவருடைய வேறு பல படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

1515இல் அவர் ஆன்ட்வெர்ப்பின் புனித லூக்கா ஓவியர் சங்கத்தில் பதிவு செய்துகொண்டார். அதற்கு முந்திய வாழ்க்கை ஏறக்குறைய இருட்டு. அதற்குப் பின் 9 ஆண்டுகளே மிச்சம். அந்த ஆண்டுகளுக்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1520, 1521ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்துப் பகுதியில் பயணம் செய்த ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர், தம் நாட்குறிப்பில் பட்டினிரைப் பலமுறை குறிப்பிடுகிறார். பட்டினிரின் உருவத்தை வரைந்திருக்கிறார். சாம்பல் நிறத்தாளில் புனித கிறிஸ்டோபரின் உருவங்கள் நான்கை அவருக்காகத் தீட்டிக் கொடுத்திருக்கிறார். 1521 மே மாதம் நடந்த அவருடைய இரண்டாம் திருமணத்துக்கும் போயிருக்கிறார். அந்தக் குறிப்பில் பட்டினிரை ‘நல்ல நிலக்காட்சி ஓவியர்’ என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார். ஒரு கலைஞரை நிலக்காட்சியை வைத்தே அடையாளப்படுத்தும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. கிறிஸ்டோபர் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்டவர். ஆறு கடத்துபவர்கள் பட்டினிரின் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

ஒருவரை நிலக்காட்சிக்காரர் என்று தனியாக அழைக்க ஒரு சந்தை தேவை. ஆன்ட்வெர்ப் அப்போது வடக்கு ஐரோப்பாவின் பெரிய வணிகத் துறைமுகமாக எழுந்துகொண்டிருந்தது. தேவாலயமும் பிரபுவும் முன்பணம் கொடுத்துச் சொல்லி வரையவைத்த படங்களோடு, வாங்குபவர் யாரென்று தெரியாமலே வரைந்து கடையில் வைத்து விற்ற படங்களும் அங்கே பெருகின. அதில் வேலைப் பிரிவினையும் வந்தது. பிராடோவில் இருக்கும் ‘புனித அந்தோணியாரின் சோதனை’ அதற்குச் சான்று: நிலம் பட்டினிருடையது, மனிதர்கள் அவருடைய நண்பர் குவென்டின் மாசிஸ் வரைந்தவர்கள். மாசிஸின் பெண்களும் கிழவியும் அந்தப் படத்தின் முன்களத்தை அடைத்துக்கொள்கிறார்கள். பட்டினிரின் நிலம் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. நல்ல படம்தான், ஆனால் இரண்டு படங்கள். காரோன் படத்தில் அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. அங்கே நிலமே பேசுகிறது.

பட்டினிர் கையெழுத்திட்டு நமக்குக் கிடைத்த படங்கள் 5 மட்டுமே. வேறொரு விதமான கையெழுத்தைப் பற்றி 1604இல் கரேல் வான் மாண்டர் எழுதிய ஓவியர் வரலாற்றில் ஒரு கதை வருகிறது. தம் நிலக்காட்சிகளில் எங்காவது ஒரு மூலையில், மலம் கழிக்கக் குந்தியிருக்கும் ஒரு சின்ன ஆளை வரைந்துவிடுவது பட்டினிரின் வழக்கமாம். வாங்கியவர்கள் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஓவியர் இறந்து 80 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்தவர் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது: மூக்கைப் பலகைக்கு அருகே கொண்டுபோய், அங்குலம் அங்குலமாகத் துழாவித் துழாவி.

பட்டினிரின் பாணிக்கு ஜெர்மன் கலை வரலாற்றாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘உலக நிலக்காட்சி’ என்று பெயரிட்டார்கள். மலை, காடு, வயல், ஆறு, கடல், துறைமுகம், ஊர் எல்லாம் ஒரே பலகையில் அடங்கும் காட்சி இது. அப்படி ஓர் இடம் பூமியில் இல்லை. பார்த்து வரைந்த துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. கட்டும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. அடிவானத்தை மிக உயரத்தில் வைத்தால், பறவை போல மேலிருந்து நிலத்தைப் பார்க்கலாம். ஆனால் அதே படத்தில் பாறைகளும் மரங்களும் மேலிருந்து தெரிவது போல இல்லாமல், எதிரே நின்று பார்ப்பது போல நெடுக்கில் நிற்கின்றன. இரண்டு பார்வைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை, என்றாலும் கண் அதைப் பிழையாகக் கொள்வதில்லை. தூரத்தைக் காட்ட மூன்று வண்ணப் பட்டைகள்: முன்களம் பழுப்பு, நடு பச்சை, தொலைவு நீலம். தொலைவில் இருப்பது நீலம் பாய்ந்து தெரியும் என்பது நெதர்லாந்து ஓவியர்கள் பட்டினிருக்கு முன்பே அறிந்திருந்த உண்மைதான். அந்த நீலத்தைப் பின்னணியின் ஓரத்திலிருந்து இழுத்து வந்து படத்தின் உயிராகவே ஆக்கியது பட்டினிரின் வேலை.

காரோன் படத்தில் இந்த முறையும் மாறுகிறது. அவருடைய மற்றப் படங்களில் நிலம் முன்னிருந்து பின்னாகப் படிப்படியாக விரியும். கண் வளைந்து வளைந்து போகும் பாதையில் நடக்கும். இங்கே பலகை நெடுக்கில் மூன்றாகப் பிளக்கப்பட்டிருக்கிறது: கரை, ஆறு, கரை. பலி பீடங்களுக்கு மேல் வைக்கும் மூன்று கதவுப் படங்களில் இடம் சொர்க்கம், வலம் நரகம் என்று அமைத்துப் பழகிய பார்வை ஒரே பலகைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவில், அத்தகைய படங்களில் தீர்ப்பு வழங்கும் கிறிஸ்து இருக்க வேண்டிய இடத்தில், ஓர் ஓடக்காரன் நிற்கிறான்.

இந்த ஓடக்காரன் கிரேக்கத்திலிருந்து நெடுந்தூரம் வந்தவன். ஹோமரின் காவியங்களில் காரோன் இல்லை. பொதுக் காலத்துக்கு முந்திய 5ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸில் இறந்தவர்களின் கல்லறையில் வைத்த வெண்ணிற எண்ணெய்க் குடுவைகளில் அவன் தென்படுகிறான். நாணல் அடர்ந்த கரையோரம் படகோடு காத்திருக்கும் எளிய உழைப்பாளி. அரிஸ்டோஃபனீஸின் ‘தவளைகள்’ நாடகத்தில் கூலி கேட்டு அதட்டுகிறான். பிணத்தின் வாயில் ஒரு காசு வைத்து அடக்கம் செய்த வழக்கம் அவன் கூலிக்காகத்தான். ரோமானியக் கவி வெர்ஜில் ‘ஏனீயிட்’ காவியத்தின் 6ஆம் நூலில் அவனை அழுக்கும் நரைத்தாடியும் தீப்போன்ற கண்களும் உடையவனாக ஆக்கினார். வெர்ஜிலில் காரோனின் ஓடத்தில் ஏற ஒரே தகுதி முறையான அடக்கம். அது கிடைக்காதவர்கள் 100 ஆண்டு கரையில் அலைய வேண்டும். இத்தாலியக் கவி தாந்தே அவனை நரகத்தின் வாசலில் நிறுத்தித் தயங்கும் ஆன்மாக்களைத் துடுப்பால் அடிக்கவைத்தார்.

இந்த நீண்ட வரலாறு முழுவதிலும் காரோன் யாரையும் கரையைத் தேர்ந்துகொள்ள விட்டதில்லை. அவனுக்கு வழி ஒன்றுதான். வாழ்பவரின் கரையிலிருந்து இறந்தவரின் கரைக்கு. ஓடம் என்றால் இக்கரை ஒன்று, அக்கரை ஒன்று. பட்டினிரின் ஆற்றில் இரு கரைகளும் அக்கரைகளாக இருக்கின்றன. உயிருள்ளோரின் கரை படத்தில் எங்கும் வரையப்படவில்லை. அது படத்துக்கு வெளியே, பார்ப்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

வெர்ஜிலின் பாதாளத்தைப் பட்டினிர் எப்படிப் பிரித்து அடுக்கினார் என்று பார்ப்பது பயன் தரும். வெர்ஜிலில் எல்லோரும் ஒரே ஆற்றைக் கடந்து ஒரே கரையில் இறங்குகிறார்கள். இறங்கியதும் செர்பெரஸைக் கடந்தாக வேண்டும். காவிய நாயகன் ஏனீயஸுடன் செல்லும் குறிசொல்லி சிபில் அதற்குத் தேனில் மயக்கமருந்து கலந்த அப்பம் போடுகிறாள். அதற்கு வெகுதூரம் அப்பால்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது: வலப்பாதை நல்லோர் வாழும் எலிசியத்துக்கு, இடப்பாதை தண்டனைக் களமான டார்டாரஸுக்கு. பட்டினிர் அந்தக் கவட்டை வழியை நிலத்திலிருந்து பெயர்த்து ஆற்றுக்குள் கொண்டுவந்துவிட்டார். நாயையும் பொது வாயிலிலிருந்து நகர்த்தி நரக வாயிலுக்கு மட்டும் காவலாக்கினார். வலம், இடம் மட்டும் மாறவில்லை. நல்லது நமக்கு இடப்பக்கம் இருப்பது, படத்துக்குள்ளிருந்து நம்மை நோக்குபவருக்கு வலப்பக்கம். இறுதித் தீர்ப்புப் படங்களிலும் கிறிஸ்துவின் வலக்கை பக்கம்தான் மீட்பு. இந்த ஒன்றில் வெர்ஜிலும் தேவாலயமும் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன.

மற்றவற்றில் அவ்வளவு எளிதாக ஒத்துப்போகவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையில் தேர்வு வாழும்போது மட்டுமே உண்டு. மூச்சு நின்றதும் ஏடு மூடப்பட்டுவிடும். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் பரவிய ‘இறக்கும் கலை’ என்ற கையேட்டின் மரச்செதுக்குப் படங்களில், சாகக் கிடப்பவரின் கட்டிலைச் சுற்றி ஒரு பக்கம் தேவதூதர்களும் ஒரு பக்கம் பேய்களும் நின்று கடைசி மூச்சு வரை வாதாடுகிறார்கள். வாதாட்டம் அந்தக் கட்டிலோடு முடிகிறது. கிரேக்க நம்பிக்கையிலோ ஓடத்தில் தேர்வே இல்லை. ஆக, ஆற்றின் நடுவே இரு கரைகளுக்கு இடையில் தயங்கும் ஓர் ஆன்மா என்பது இந்த இரண்டு நம்பிக்கைகளிலும் நடக்க முடியாத காட்சி. இறையியலாளர் இதை எழுதியிருந்தால் திருத்தச் சொல்லியிருப்பார்கள். ஓவியத்தில் மட்டும் இது நடக்கிறது, ஏனென்றால் நிலம் அதை நடத்திவைக்கிறது. ஆறு என்று ஒன்றை வரைந்தால் அதற்கு இரண்டு கரைகள் வந்துதான் தீரும்.

அந்தக் கரைகளைத்தான் பட்டினிர் மிகுந்த தந்திரத்தோடு கட்டியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் அழிவுக்குப் போகும் வாசல் அகன்றது, வாழ்வுக்குப் போகும் வாசல் இடுக்கமானது என்று சொல்கிறது. கிரேக்க வீரன் ஹெராக்ளிஸ் இளமையில் கவட்டை வழியில் நின்று, கரடுமுரடான அறத்தின் பாதையையும் சுகமான இன்பத்தின் பாதையையும் எடைபோட்ட கதையும் அக்கால மனிதநேய அறிஞர்களுக்கு மனப்பாடம். இவை இரண்டையும் பட்டினிர் நீரிலும் மண்ணிலும் எழுதுகிறார். சொர்க்கத்துக்குள் புகும் நீர்வழி பாறைகளால் இடுக்கப்பட்டு, ஓடத்திலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் கண்ணில் படாதது. நரகத்துக்குள் போகும் வழியோ அகலமாக, தங்குதடையின்றித் திறந்திருக்கிறது. அதன் ஓரமெல்லாம் புல்லும் மரமும். நெருப்பு அதற்குப் பின்னால், திருப்பத்துக்கு அப்பால். உயரத்திலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிகிறது. ஓடத்தில் நீர்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆன்மாவுக்குத் தெரியாது. அடிவானத்தை உயர்த்தி வைத்த பழைய சூட்சுமம் இங்கே அறம் சார்ந்த ஒரு கருவியாகிவிடுகிறது. மற்றப் படங்களில் பரப்பைக் காட்டப் பயன்பட்ட பறவைப்பார்வை, இதில் ஆன்மாவுக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான அறிவின் இடைவெளியைக் காட்டுகிறது.

இடக்கரையின் முனையில் ஒரு தேவதூதர் நின்று வழிகாட்டுகிறார். ஆன்மாவின் முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது.

இதை வைத்து ஆன்மா நரகத்தைத் தேர்ந்துவிட்டது என்பது பரவலான வாசிப்பு. பட்டினிரின் நிலக்காட்சிகளை வாழ்க்கைப் பயணத்தின் உருவகங்களாக வாசித்து கலை வரலாற்றாளர் ரைண்டர்ட் ஃபால்கன்பர்க் 1980களில் எழுதிய நூல், எளிய வழியும் கடின வழியும் என்ற இந்த எதிர்நிலையை அவருடைய மொத்தப் படைப்புக்கும் சாவியாகக் காட்டியது. அதற்கு மறுப்பும் உண்டு: எல்லா மலையும் அறிவுரையாக இருக்க வேண்டுமா, வாங்கியவர்கள் அழகுக்காகவும் வாங்கியிருக்க மாட்டார்களா என்று. மற்றப் படங்களைப் பொறுத்தவரை மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் காரோன் படத்தில் ஃபால்கன்பர்க்கின் பக்கமே கனக்கிறது. இங்கே நிலம் அறிவுரைக்காகவே கட்டப்பட்டது. அழகும் அந்த அறிவுரையின் ஒரு பகுதி. கண்ணுக்கு இனியது வலக்கரை என்று தோன்றிய கணத்தில் பார்ப்பவரும் ஆன்மாவோடு சேர்ந்து தலையைத் திருப்பிவிட்டிருக்கிறார்.

நரகம் ஹீரோனிமஸ் போஷிடமிருந்து வாங்கிய கடன். எரியும் கட்டடங்கள், கருத்த வானம், வதைபடும் சின்னஞ்சிறு உடல்கள் எல்லாம் 1516இல் மறைந்த அந்த முன்னோடியின் சரக்கு. சொர்க்கத்தின் பளிங்கு நீரூற்றும் போஷின் ‘இன்பத் தோட்டம்’ படத்தை நினைவூட்டும். கடன் வாங்கிய பகுதிதான் படத்தில் பலவீனமானதும்கூட. போஷின் நரகத்தில் கற்பனை வெறி பிடித்து ஓடும். பட்டினிரின் நரகம் ஒழுங்காக எரிகிறது. அவருடைய சொந்தப் பயங்கரம் நெருப்பில் இல்லை, அந்த அமைதியான நீலத்தில்தான் இருக்கிறது.

பழைய ஓடக்காரன் ஒரு வணிக நகரத்து ஓவியருக்கு எப்படிக் கிடைத்தான் என்பதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. லூசியன் என்ற பழைய கிரேக்க அங்கத எழுத்தாளரின் உரையாடல்கள் சிலவற்றை மனிதநேய அறிஞர்கள் எராஸ்மஸும் தாமஸ் மோரும் லத்தீனில் பெயர்த்து 1506இல் வெளியிட்டார்கள். அந்த லூசியனுக்குக் காரோன் மிகப் பிடித்த பாத்திரம். எராஸ்மஸே பிற்பாடு காரோனை வைத்து ஓர் உரையாடல் எழுதினார். ஐரோப்பாவின் போர்களில் செத்தவர்கள் அளவுக்கு மீறி வருவதால் பழைய ஓடம் தாங்கவில்லை, புதிது வாங்க வேண்டும் என்று காரோன் அலைவதாக அதில் வருகிறது. 1529இல், பட்டினிர் இறந்து 5 ஆண்டுகள் கழித்து அது அச்சேறியது. பட்டினிரின் நண்பர் மாசிஸ் 1517இல் எராஸ்மஸின் உருவப்படம் வரைந்தவர். காரோன் அந்த வட்டாரத்துக்கு அந்நியன் இல்லை.

சில ஆண்டுகளில், 1536க்கும் 1541க்கும் இடையே, சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் மைக்கலாஞ்சலோவும் காரோனை வரைந்தார். அங்கே அவன் தசை முறுக்கேறியவன். தாந்தே சொன்னபடி துடுப்பை ஓங்குகிறான். ஓடத்திலிருந்து உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிகின்றன. நிலமென்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. உடலால் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று இத்தாலி நம்பிய அதே தலைமுறையில், நிலத்தால் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வடக்கே ஒருவர் நம்பியிருக்கிறார்.

புராணத்தை நிலத்தில் கரைத்துச் சொல்வது பட்டினிரோடு தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. பொதுக் காலத்துக்கு முந்திய 1ஆம் நூற்றாண்டில் ரோமின் எஸ்குவிலின் குன்றில் ஒரு வீட்டுச் சுவரில் ஒடிசியுஸின் அலைச்சலைப் பாறையும் கடலுமாக வரைந்திருக்கிறார்கள். பாதாளத்துக்குப் போகும் காட்சியும் அதில் உண்டு. அங்கேயும் மனிதர்கள் சிறியவர்கள், பாறைகள் பெரியவை. ஆனால் அது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது 1848இல். பட்டினிருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அவர் தெரிந்தவர். ஹெர்ரி மெட் டி பிளெஸ் என்ற ஓவியர் அவர் பாதையில் நடந்தார். பீட்டர் பிரூகலின் பெயரோடு வழங்கும் ‘இக்காரஸின் வீழ்ச்சி’ படத்தில், கடலில் விழுந்தவனின் இரண்டு கால்கள் மட்டும் நீருக்கு மேல் தெரிய, உழவன் தன் போக்கில் உழுகிறான். பிரூகல் அந்தச் சிறுமையில் மனிதரின் அலட்சியத்தைக் கண்டார். பட்டினிரிடம் நிலம் அலட்சியமாக இல்லை. அது ஆன்மாவை உற்றுக் கவனித்து, அதற்கேற்ப வலை விரித்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் பூசானும் கிளாட் லோரெய்னும் ரோமில் இருந்துகொண்டு புராண நிலக்காட்சியைப் பெருங்கலையாக உயர்த்தியபோது இந்த வலை அறுந்துவிட்டது. நிலம் மாலை வெளிச்சத்தில் இளைப்பாறும் இடமானது.

பட்டினிரின் படங்களை ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் விரும்பிச் சேர்த்தார். போஷையும் அவர் அப்படித்தான் சேர்த்தார். பிராடோவில் பட்டினிரின் முக்கியமான படங்கள் பல இருப்பதற்கு அரச சேகரிப்பே காரணம். 2007இல் அவருடைய படைப்புகளுக்கென்றே தனிக் கண்காட்சி ஒன்றை பிராடோ நடத்தியது. சொர்க்கத்தின் வழியை இடுக்கி நரகத்தின் வழியை அகலத் திறந்த காரோன் படம் அவர் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. 1524 அக்டோபருக்கு முன் பட்டினிர் இறந்துவிட்டார். அவருடைய மகள்களுக்குக் காப்பாளராகப் பொறுப்பேற்றவர்களில் குவென்டின் மாசிஸும் ஒருவர்.